ஒன்பதாம் ஸ்லாட்டின் கைப்பிடி

சென்ற ஆவணியில் ஒரு திங்கட்கிழமை முற்பகல், மதுரையில் எங்கள் தல்லாகுளம் அலுவலகத்திலிருந்து நிவேதா என்ற இளம் பொறியாளர் எனக்குத் தொலைபேசினார். என்னை அவருக்கு முன்பின் தெரியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர். யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். தன்னை அறிமுகம் செய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், இங்க ஒரு வழக்கம் இருக்கு. ரேக்ல எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் மணி என்ன, தொடுறது யாருன்னு சத்தமாச் சொல்லணுமாம். ரூம்ல நான் ஒருத்தி மட்டும் இருந்தாலும் சொல்லணுமாம். யாருகிட்ட சார் சொல்றேன் நான்? கேட்டா, 'அது உசிலம்பட்டி விவகாரம்மா'ங்கிறாங்க. அதுக்கு மேல கேட்டா யாருக்கும் தெரியல. உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு எங்கள் ஓய்வு பெற்றோர் சங்க மலரின் ஆசிரியரும் அதையே விரிவாக எழுதித் தரும்படி கேட்டார். அதற்காக இது.

நான் நாள், கிழமை, நேரம் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவன். ஊர் வரலாறு, கல்வெட்டுத் தொகுப்பு, பழைய பயணக் குறிப்பு என்று கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவன். காலம் குறிக்காத கல்வெட்டைப் பார்த்தால் எரிச்சல் வரும். இருந்தும் இந்தக் கட்டுரையில் ஆண்டைக் குறிக்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மணியை மட்டும் மாற்றவில்லை. மணியை மாற்றினால் சொல்வதற்கு ஒன்றுமே இராது.

முதலில் பெட்டியைப் பற்றி. எங்களுடையது கைபேசிச் சேவை நிறுவனம். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் அழைப்புகளை வாங்கி அனுப்பும் கணினிகள் எங்கள் பொறுப்பு. கணினி என்றவுடன் மேசைமேல் இருப்பதை நினைக்க வேண்டாம். ஆளுயர இரும்பு ரேக், அதில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அலமாரியில் புத்தகங்கள் நிற்பதுபோல் செங்குத்தாகக் கார்டுகள். ஒவ்வொரு கார்டும் ஒரு தனிக் கணினி. கார்டு உட்காரும் இடத்துக்கு ஸ்லாட் என்று பெயர். கார்டின் கீழ்முனையில் விரல் நீளத்துக்கு ஒரு கைப்பிடியும், அதன் பக்கத்தில் ஒரு நீல விளக்கும் இருக்கும்.

இவற்றைக் கண்காணிக்க அதே பெட்டியில் ஒரு சிறிய கார்டு உண்டு. அதற்கு ஷெல்ஃப் மேனேஜர் என்று பெயர். அது ஓர் அழைப்பைக்கூடக் கையாளாது. எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு, அதில் எவ்வளவு சூடு, எவ்வளவு மின்னழுத்தம், விசிறி என்ன வேகம் என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். விசாரித்ததை எழுதிவைக்கும். "வேலை எதுவும் செய்யாது, வேலை செய்றவனை எண்ணிக்கிட்டே இருக்கும். கரெக்டாத்தான் மேனேஜர்னு பேரு வச்சிருக்கான்" என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்லும் நகைச்சுவை. அந்த மேனேஜரை ஒவ்வோர் ஊருக்கும் ஏற்றபடி அமைத்துக்கொடுப்பது, அதாவது எதை விசாரிக்க வேண்டும், எந்த அளவு தாண்டினால் கத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பது, என் பணிக்காலத்தின் பிற்பாதி முழுவதும் என் வேலையாக இருந்தது.

அந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. டிப்ளமோ முடித்து, கேபிள் பிரிவில் சேர்ந்து, மழைக்காலங்களில் குழிக்குள் இறங்கிக் கிடந்தவன். பெங்களூரில் சில வாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் நினைவிருப்பது இரண்டுதான்: அறையின் கடுங்குளிர், கார்டைக் கழற்றும் முறை. கைப்பிடியைப் பாதி இழு. நீல விளக்கு மினுக்கும். அதற்கு, 'சொன்னது கேட்டது, கையிலிருக்கும் வேலையை முடித்துக்கொள்கிறேன்' என்று பொருள். மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரியும்வரை பொறு. அப்புறம் உருவு. கைப்பிடிக்குள் குண்டூசித் தலையளவு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது விடுபட்டால், கழற்றப் போகிறார்கள் என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். கைப்பிடியை முழுக்க இழுத்தாலும், ஒரு நூல் இழுத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

ஊருக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டதுதான் அதிகம். பெட்டிகள் குளிர் நாட்டில் வைத்த அளவுகளோடு வந்தன. உசிலம்பட்டியில் சித்திரை பிறந்தவுடன் மேனேஜர் கத்தத் தொடங்கியது. வெயிலில் மின்சாரம் போய், ஏசி நின்று, உள்ளே வரும் காற்றே சுடும்போது அது கத்தாமல் என்ன செய்யும்? தல்லாகுளம் கண்காணிப்பு அறையில் இருந்தவர்கள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியைத் துண்டித்துவிட்டார்கள். உண்மையான ஆபத்து வந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அங்கே ஒரு கோடை முழுவதும் போய்வந்து அளவுகளை மாற்றினேன். கத்த ஆரம்பிக்கும் சூடும், கத்துவதை நிறுத்தும் சூடும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அந்த எல்லையில் நின்றுகொண்டு கத்துவதும் அடங்குவதுமாக ஆளைக் கிறுக்காக்கிவிடும். ஆடி பிறந்தபோது ஒலிபெருக்கியை மறுபடி இணைத்தார்கள்.

அந்தக் கோடையில்தான் எங்கள் கோட்டத்துக்குப் பொறுப்பாக சுந்தரவல்லி மேடம் வந்தார்.

மேடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் சொல்பவருக்கு அதுவே போதும். அவர் அறையில் சில சொற்களுக்கு அனுமதி இல்லை. உதவி மேலாளர் முருகானந்தம் முதல் வாரமே மாட்டிக்கொண்டார்.

"மேடம், திருமங்கலத்துல ஒரு ப்ராப்ளம்."

"ப்ராப்ளம் எந்த ஸ்லாட்ல இருக்கு?"

"அது... பாத்துட்டு வாரேன் மேடம்."

"பாத்துட்டு வாங்க. எந்த ஸ்லாட், எந்த சென்சார், என்ன ரீடிங். பெட்டி என்ன சொல்லுதுன்னு முதல்ல. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு அப்புறம். ரெண்டையும் ஒண்ணாப் பிசைஞ்சு கொண்டாராதீங்க."

அதற்குப் பிறகு முருகானந்தம் வீட்டில் குழம்பு சரியில்லை என்று சொல்லக்கூட முடியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். "எந்த ஸ்லாட்டுன்னு கேட்டுருவேனோன்னு நானே பயந்துக்கிறேன்ணே" என்பார்.

மேடத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தளங்களைப் பார்வையிடப் போனால் ரேக்கின் கதவைத் திறந்து, குனிந்து, வலக்கை ஆள்காட்டி விரலைக் கைப்பிடிகளின் வரிசையில் இடமிருந்து வலமாக ஓட்டுவார். கண்டக்டர் டிக்கெட் கட்டில் விரலோட்டுவது போல ஒரே வீச்சில் நடக்கும். எல்லாக் கைப்பிடியும் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மாவட்டத்தில், அரைகுறையாக மூடிய கைப்பிடியால் அவர் அவதிப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். "கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்பார். நாங்களும் அப்படியே செய்யப் பழகினோம்.

இனி உசிலம்பட்டி விவகாரம்.

அங்கே எங்கள் தளத்தைக் கவனித்துக்கொண்டவர் காசிமாயன். ஒப்பந்தத் தொழிலாளி. ஐடிஐ படித்தவர். பக்கத்துக் கிராமத்தில் மானாவாரி நிலமும் மாடுகளும் உள்ள குடும்பம். விசிறிக்கு முன்னால் இருக்கும் தூசு வடிகட்டியைக் கழுவுவது, பேட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பது, ஜெனரேட்டரை ஓட்டுவது எல்லாம் அவர்தான். வாயாடி. ஆனால் வடிகட்டியில் ஒரு தூசு இருக்காது.

ஐப்பசியில் ஒரு நாள், சந்தைக்கு முந்தைய நாள், மேடம் அங்கே பார்வையிட வந்தார். முருகானந்தமும் நானும் கூடப் போயிருந்தோம். மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐந்துக்குள் கிளம்பிவிட்டோம். எல்லாம் ஒழுங்காக இருப்பதாக மேடம் குறிப்பெழுதினார். அன்றிரவே நான் தங்கை மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போய்விட்டேன்.

மறுநாள் சந்தை. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உசிலம்பட்டியில் கைபேசிகள் ஊமையாகின. மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள், காய் லாரிக்குக் காத்திருந்தவர்கள், மகப்பேற்றுக்குப் பெண்ணை அழைத்துப்போக வண்டி தேடியவர்கள், எல்லோரும் கையில் கருவியை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் சரியானது.

நடந்தது எளியது. முக்கியமான வேலையை எட்டாம் ஸ்லாட்டுக் கார்டு செய்யும். அது படுத்துவிட்டால் அடுத்த கணமே எடுத்துக்கொள்ள ஒன்பதாம் ஸ்லாட்டில் ஒரு மாற்றுக் கார்டு காத்திருக்கும். அன்று எட்டு பழுதாகி நின்றது. ஒன்பது எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது முந்தைய நாளே தூங்கப்போய்விட்டது. அதன் கைப்பிடி திறந்ததாகப் பெட்டி எழுதிவைத்திருந்தது. கைப்பிடி திறப்பதை அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் எச்சரிக்கையாகக் கணக்கில் எடுப்பதில்லை. திறப்பவர் தெரிந்துதான் திறக்கிறார் என்பது பெட்டியைச் செய்தவர்களின் எண்ணம். அதனால் கண்காணிப்பு அறையில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு உத்தரவு வந்தது. பெங்களூரிலிருந்து வந்த பொறியாளர் தன் மடிக்கணினியை நேரடியாகப் பெட்டியில் செருகி, ஒன்பதாம் ஸ்லாட்டுக்கும் சந்தைக்கு முந்தைய அந்த ஒரு நாளுக்கும் உரிய பதிவுகளை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தார். கைப்பிடி திறந்தது, காலை பத்தே முக்கால். வருகைப் பதிவின்படி காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அறையில் இருந்தது காசிமாயன் மட்டும். வடிகட்டி கழுவ வந்திருந்தார். அவ்வளவுதான். அனுமதியின்றிக் கார்டைக் கழற்ற முயன்றார் என்று முருகானந்தம் அறிக்கை தயாரித்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் மேடம்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஞாயிற்றுக்கிழமை. கல்யாண வீட்டிலிருந்து விளாங்குடியில் என் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். காலை பத்து மணிக்குக் காசிமாயன் டவுன் பஸ்ஸில் வந்து வாசல் கேட்டைத் தட்டினார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான் கையே வைக்கலண்ணே" என்றார். "மறுநா மத்தியானம் போன் போட்டு கார்டைப் பாருன்னாக. பாத்தேன். ஒம்போதாம் ஸ்லாட்டுல நீல லைட்டு. கைப்பிடி ஒரு நூல் வெளிய நின்னுச்சு. அமுக்குனேன். ஊரு பேச ஆரம்பிச்சிருச்சு. இப்ப அமுக்குனவனையே புடிச்சுக்கிட்டாக."

"பத்தே முக்காலுக்கு நீதானய்யா உள்ள இருந்த?"

"இருந்தேன். இல்லேங்கல. வடிகட்டிக்கும் கார்டுக்கும் எம்புட்டுத் தூரம்? அது மேல, இது கீழ. இதைக் கேளுங்க. நான் பத்தே முக்காலுக்குத் திறந்திருந்தா, நாலு மணிக்கு வந்த மேடம் கண்ணுல அந்த நீல லைட்டு படாமயா போயிருக்கும்? மேடம் கண்ணு என்ன கண்ணு! என் சட்டையில பொத்தான் இல்லேன்னு வாசல்ல நிக்கையிலயே கேட்டாகளே."

"இதை முருகானந்தம் சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மேடம் அன்னைக்கு அவசரத்துல இருந்தாகங்கிறாரு. கையெழுத்து ஆயிருச்சுன்னா என் பேரைத் தடை லிஸ்டுல போட்டுருவாகளாம்ணே. அப்புறம் எந்தக் கம்பெனி ரூமுக்குள்ளயும் விடமாட்டாக. எங்கய்யா கடலையைப் போட்டுட்டு வானத்தைப் பாத்து உக்காந்திருக்காரு. அவரு பக்கத்துல போயி உக்காரச் சொல்லுறீகளா?"

காபி குடிக்காமலே போனார். போன பிறகும் அவர் சொன்னதையே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்கு எரிய ஆரம்பித்த நீல விளக்கு நாலு மணிக்கும் எரிந்திருக்க வேண்டும். விரலால் பார்ப்பவர் கண்ணாலும் பார்ப்பார். இரண்டில் ஒன்று தவறு: மேடத்தின் குறிப்பு, அல்லது பெட்டியின் மணி.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் என் மேசையிலிருந்தே உசிலம்பட்டிப் பெட்டிக்குள் நுழைந்தேன். பதிவுகளைக் கேட்பதற்கு முன் அதனிடம் மணி கேட்டேன். என் கைக்கடிகாரத்தில் பத்தரை. பெட்டி ஐந்து மணி என்றது.

எங்கள் நிறுவனம் பல நாடுகளில் இருப்பதால் எல்லாப் பெட்டியும் கிரீன்விச் நேரத்தைத்தான் வைத்திருக்கும். அதில் பிழை இல்லை. கண்காணிப்பு அறைத் திரை ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி நமக்குக் காட்டும். நாங்கள் எப்போதும் திரையைப் பார்ப்பவர்கள், அதனால் யாரும் இதை நினைப்பதே இல்லை. பெங்களூர்க்காரர் திரை வழியாக வரவில்லை. பெட்டியிலிருந்தே நேராக அச்செடுத்தார். அதில் யாரும் ஐந்தரையைக் கூட்டவில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்க்க, சந்தை நாள் பதிவையும் எடுத்தேன். எட்டாம் ஸ்லாட்டுக் கார்டு நின்றது காலை ஆறரை என்றிருந்தது. ஊரே நண்பகல் பன்னிரண்டு என்று சொல்லும். சந்தையில் நின்ற அத்தனை பேரும் சாட்சி.

அப்படியானால் கைப்பிடி திறந்தது காலை பத்தே முக்காலுக்கு அல்ல. மாலை நாலே காலுக்கு.

தாளை எடுத்துக்கொண்டு முருகானந்தத்தை எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். அவர் கூட்டல் போட்டுப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, அன்னைக்கு நாலே காலுக்கு நீங்களும் காசியும் எங்க இருந்தீக?"

"பேட்டரி ரூம்ல. நான் அளந்தேன், அவன் மீட்டர் பிடிச்சான்."

"நான் வெளிய வேப்பமரத்தடியில போன் பேசிக்கிட்டிருந்தேன். அப்ப உள்ள..." என்று நிறுத்திக்கொண்டார். சாலையைப் பார்த்தார். "சொல்லாதீகண்ணே. ரிட்டயர்டு ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு? கைப்பிடி தேஞ்சு போச்சு, தானாத் திறந்துக்கிச்சுன்னு எழுதிருவோம். காசியும் தப்பிச்சிருவான், யாருக்கும் வம்பில்ல."

யோசனை மோசமில்லை. காசிமாயன் தப்பித்தால் போதும் என்றுதான் நானும் கிளம்பியிருந்தேன். ஆனால் தானாகத் திறந்தது என்று பெட்டி சொல்லவில்லை. அது முருகானந்தம் சொல்வது. இரண்டையும் பிசையக் கூடாது என்று ஒருவர் எங்களைப் பழக்கியிருந்தார்.

மேடத்தின் அறைக்குத் தனியாகப் போனேன். யாரையும் குறிப்பிடவில்லை. அச்செடுத்த தாளையும், சந்தை நாள் பதிவையும் அருகருகே வைத்தேன். "பெட்டி கிரீன்விச் மணி சொல்லுது மேடம். அஞ்சரை கூட்டணும்" என்று மட்டும் சொன்னேன்.

மேடம் சந்தை நாள் பதிவை முதலில் பார்த்தார். ஆறரை, பன்னிரண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு முதல் தாளுக்கு வந்தார். பத்தே முக்காலின்மேல் விரலை வைத்தார். அதே ஆள்காட்டி விரல்.

"நாலே கால்."

"ஆமா மேடம்."

"நாலே காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பேட்டரி ரூம்ல. காசிமாயனும் என்கூட."

"முருகானந்தம்?"

"வெளிய."

இந்த முறை அவர் என் சட்டைப் பொத்தானைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

செக்கானூரணி வழியாக உசிலம்பட்டிக்குப் போனோம். முருகானந்தம் முன்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னை இரண்டு தடவை பார்த்தார். தளத்தில் காசிமாயன் இல்லை. விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எதிரே பஞ்சர் கடையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்து எழுந்து நின்றார். மேடம் அவரை உள்ளே வரச் சொன்னார்.

"அன்னைக்கு எப்படித் தொட்டேனோ அப்படியே தொடுறேன். நீங்க பெட்டியைப் பாருங்க, என்னைப் பாக்க வேண்டாம்" என்று மேடம் என்னிடம் சொன்னார். நான் மடிக்கணினியை இணைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்கு இடைஞ்சல் வராதபடி எட்டாம் ஸ்லாட்டில் புதுக் கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் கதவைத் திறந்தார். குனிந்தார். விரல் ஒன்றிலிருந்து கிளம்பியது. எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. நகம் உலோகத்தில் படும் மெல்லிய டிக், டிக், டிக். பெட்டி ஒன்றும் எழுதவில்லை. விரல் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் மூச்சு விட்டேன். முருகானந்தமும் விட்டார்.

அப்போது திரையில் ஒரு வரி வந்தது.

"ஒன்பதாம் ஸ்லாட், கைப்பிடி திறந்தது" என்று வாசித்தேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கைப்பிடி மூடியிருப்பது போலத்தான் இருந்தது. ஒரு நூல் அளவு வெளியே. நீல விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது. அது நிலைப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அன்று அது நிலைப்பதற்குள் மேடம் கதவைச் சாத்திவிட்டு அடுத்த ரேக்குக்குப் போயிருக்க வேண்டும். அந்த ஒரு கைப்பிடியில் மட்டும் பிடிப்பு தேய்ந்திருந்ததைப் பிறகு கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். உள்ளே தள்ளினால் பிடிக்கும். பக்கவாட்டில் ஒரு விரல் உரசினால் மெதுவாக விட்டுக்கொடுக்கும்.

விளக்கு நிலைத்து எரியும்வரை மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காசிமாயனிடம், "மூடுங்க" என்றார். அவர் பெருவிரலால் அமுக்கினார். விளக்கு மினுக்கி அணைந்தது.

விசாரணை முடிவை மேடம் அங்கேயே, ஜெனரேட்டர் அறை வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். சிறிய குறிப்பு. கைப்பிடியைத் திறந்தது நான், பார்வையிடும்போது, மாலை நாலே காலுக்கு. காசிமாயன் அறையில் இல்லை. பதிவின் மணி தவறாக வாசிக்கப்பட்டது. முருகானந்தம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மேடம், 'தவறுதலாக'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமே."

"பெட்டி அப்படி எழுதலையே" என்றார் மேடம்.

அதற்காக அவருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அந்த வருடம் வரவிருந்த பதவி உயர்வு தள்ளிப்போனது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. காசிமாயன் மறுநாளே வேலைக்குத் திரும்பினார். எனக்கு வேலை கூடியது. எல்லா ஊர்ப் பெட்டியிலும், வேலை நடப்பதாக முன்கூட்டிச் சொல்லாமல் கைப்பிடி திறந்தால் தல்லாகுளத்தில் சிவப்பு எரியும்படி அமைத்தேன். நேரடியாக எடுக்கும் அச்சில் முதல் வரியிலேயே 'இது கிரீன்விச் மணி' என்று வரும்படியும் செய்தேன். மார்கழி முடிவதற்குள் எல்லாத் தளத்தையும் சுற்றி வந்துவிட்டேன்.

தை மாதம் மேடம் மறுபடி உசிலம்பட்டிக்குப் பார்வையிட வந்தார். கூட்டம் அதேதான்: முருகானந்தம், நான், வாசலில் எல்லாப் பொத்தானும் போட்ட சட்டையுடன் காசிமாயன். ரேக்கின் கதவைத் திறந்தார்கள். மேடம் குனிந்தார். ஆனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாக்கலையா மேடம்?" என்றார் காசிமாயன். வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நீங்க தொடுங்க. நான் பாக்குறேன்."

காசிமாயன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கைப்பிடிக்கு அருகே கொண்டு போனவர் நின்று, சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்துப் பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் சொல்பவர்போல் உரக்கச் சொன்னார்.

"மணி நாலு அஞ்சு. தொடுறது காசிமாயன்."

முருகானந்தம் சிரித்துவிட்டார். "யாருகிட்டய்யா சொல்ற?"

"பெட்டி மணியை மட்டுந்தேன் சார் எழுதும். ஆளு பேரை எழுதாது. அதை நாமதேன் சொல்லணும்."

நிவேதா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

காசிமாயன் ஒன்று முதல் ஒவ்வொன்றாக, உள்பக்கமாக அமுக்கிக்கொண்டே போனார். ஒன்பதுக்கு வந்தபோது, புதிதாகப் போட்ட கைப்பிடியை இரண்டு தடவை அமுக்கினார். முடித்துவிட்டு விலகி நின்றார். மேடம் குனிந்தபடியே வரிசை முழுவதையும் பார்த்தார். நிமிர்ந்தார். கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன. அவரும் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மணி நாலு எட்டு. பாத்தது சுந்தரவல்லி" என்றார்.